தேநீர் கொட்டுப்பட்ட விசைப்பலகையைக் கழுவி மீட்பது எப்படி?

திருகோணமலையில் கணினி திருத்துபவரின் மேசைக்கு வந்து சேரும் நனைந்த விசைப்பலகைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒரு தடவை 'காயவைக்கப்பட்டவை'. முற்றத்து வெயிலில் வைத்திருப்பார்கள், அரிசி வாளிக்குள் புதைத்திருப்பார்கள், தலைமுடி உலர்த்தியால் ஊதியிருப்பார்கள். திறந்து பார்த்தால் சீனி பாகாகி, விசைகளின் அடியில் இறுகிக் கிடக்கும். தண்ணீர் எப்படியும் காய்ந்துவிடும். அதோடு வந்த சீனியும் பாலும் உப்பும் எங்கேயும் போகாது. ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் காயவைக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் வேலை இரட்டிப்பாகும்.

கீழே சொல்வது மேசையில் தனியாக வைத்துப் பயன்படுத்தும் விசைப்பலகைக்கு. மடிக்கணினியில் கொட்டுப்பட்டிருந்தால் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் நேராக 11ஆம் படிக்குப் போங்கள். மடிக்கணினியைக் கழுவக் கூடாது.

1. துணி தேடுவதற்கு முன் வயரைப் பிடுங்குங்கள்

யூஎஸ்பி வயர் என்றால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கலாம். வயரில்லாத வகை என்றால் அடியில் உள்ள பற்றரிகளைக் கழற்றுங்கள். பழைய அலுவலகக் கணினிகளில் இன்னும் காணப்படும் ஊதா நிற வட்டச் செருகி என்றால் மட்டும் கணினியை நிறுத்திவிட்டுப் பிடுங்க வேண்டும். அந்த இணைப்பு, ஓட்டத்தில் கழற்றிப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஐந்து வோல்ட்தானே என்று சிலர் அசட்டையாக இருப்பார்கள். ஆளுக்கு அது ஒன்றும் செய்யாது. உள்ளே ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகளுக்குச் செய்யும். ஈரத்தில் மின்னழுத்தம் இருந்தால் ஒரு கோட்டிலிருந்து உலோகம் கரைந்து, பக்கத்துக் கோட்டை நோக்கி முடியிழைபோல் படியும். கரைந்த கோடு அறுந்து போகும், படிந்த இழை இரண்டு கோடுகளை இணைத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

'வேலை செய்கிறதா' என்று விசைகளை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு அழுத்தமும் மேலே நிற்கும் தேநீரை உள்ளே இறைத்துவிடும்.

2. கவிழ்த்து வடியவிடுங்கள்

ஒரு துவாயின் மேல் விசைகள் கீழே பார்க்கும்படி, ஒரு பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். அடியில் சிறிய வடிகால் துளைகள் உள்ள மாதிரி என்றால் முதலில் நிமிர்ந்த நிலையிலேயே சரித்து வடியவிட்டு, பிறகு கவிழ்க்கலாம். உதறக் கூடாது. பெரும்பாலான விசைப்பலகைகளில் மின்சுற்றுப் பலகை மேல் ஓரத்தில், சிறு விளக்குகள் எரியும் பக்கத்தில் இருக்கிறது. உதறும்போது திரவம் அங்கேதான் போய்ச் சேரும்.

சொட்டுவது நின்றதும் அடுத்த படி. நாள்முழுக்கக் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒரு இலாபமும் இல்லை.

3. கொட்டுப்பட்டது என்ன?

எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

குடிதண்ணீர் என்றால் பாதி வேலை குறைவு. திறந்து, ஈரத்தைத் துடைத்து, காயவைத்தால் போதும்.

பிளேன்டீ என்றால் சீனியைத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடிக்கும் வீடு தப்பித்தது. மற்ற வீடுகளில் சீனி தாராளமாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பால்தேநீரில் சீனியோடு கொழுப்பும் புரதமும் உண்டு. சவர்க்காரம் இல்லாமல் கொழுப்பு போகாது. அரைகுறையாகக் கழுவினால் சில நாட்களில் புளித்த வாடை வரும்.

சோடா வகைகளில் சீனியோடு அமிலமும் இருக்கிறது. செம்பை அது அரிக்கும் என்பதால் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

செவ்விளநீர் பலரை ஏமாற்றும். தண்ணீர்போலத் தெளிவாக இருப்பதால் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் அதில் சீனியும் பொட்டாசியம் உப்பும் இருக்கின்றன. காய்ந்ததும் பிசினாகும்.

கடல்நீர்தான் எல்லாவற்றிலும் மோசம். உப்புவெளி, நிலாவெளிப் பக்க விருந்தினர் விடுதிகளில் சீசன் காலத்தில் இது நடக்கும்: நீந்திவிட்டு வந்தவரின் ஈரத் துவாய், வரவேற்பு மேசைக் கணினியின்மேல். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும், காய்ந்த பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மத்தியானம் ஒழுங்காக வேலை செய்து, விடியற்காலையில் தானாகவே எழுத்துகளை அடித்துத் தள்ளும் விசைப்பலகை என்றால் உள்ளே உப்பு மிச்சமிருக்கிறது என்று பொருள்.

4. தொடங்குவதற்கு முன் சேர்த்து வைக்க வேண்டியவை

சிறிய நட்சத்திர முனை ஸ்குரூட்ரைவர், காலாவதியான வங்கி அட்டை ஒன்று, மென்மையான பல் பிரஷ், பஞ்சுக் குச்சிகள், நூல் உதிராத துணி, பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு பேசின், ஸ்குரூக்களைப் போட ஒரு கிண்ணம். இவை வீட்டிலேயே இருக்கும். வாங்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, காய்ச்சி வடித்த நீர். வாகன பற்றரிக் கடைகளில் போத்தலில் விற்கிறார்கள். கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். பற்றரிக்கு ஊற்றும் அமிலமும் அதே கடையில், ஏறக்குறைய அதே மாதிரிப் போத்தலில்தான் இருக்கும். கிணற்று நீரால் கடைசி அலசல் செய்யக் கூடாது. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படிவு விசைப்பலகையின் உள்ளேயும் படியும்.

இரண்டாவது, பாமசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோல். 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. 70 சதவீதமும் உதவும், ஆனால் மீதி 30 தண்ணீர் என்பதால் கூடுதல் நேரம் காயவிட வேண்டும். காயத்துக்குப் பூசும் சில ஸ்பிரிட்டுகளில் எண்ணெய் கலந்திருக்கும். கண்ணாடித் துண்டொன்றில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள்; விரல் வைத்தால் வழுக்கும் படலம் இருந்தால் அந்தப் போத்தல் இந்த வேலைக்கு ஆகாது. கைகளுக்குப் பூசும் சனிட்டைசர் ஜெல்லும் ஆகாது. அதைக் கெட்டியாக்கச் சேர்த்த பசை உள்ளே தங்கிவிடும்.

5. படம் எடுத்த பிறகு திறவுங்கள்

கைத்தொலைபேசியில் மேலிருந்து ஒரு தெளிவான படம். நம்மிடம் புழங்குவது பெரும்பாலும் மும்மொழி எழுத்துள்ள விசைப்பலகை. ஆங்கில வரிசை எல்லோருக்கும் மனப்பாடம் என்ற தைரியத்தில் கழற்றுபவர்கள், ஓரத்துக் குறியீட்டு விசைகளில்தான் தடுமாறுகிறார்கள்.

விசைப்பலகையைக் கவிழ்த்த நிலையிலேயே திறக்க வேண்டும். விசைகளின் அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கின்றன. சிலவற்றில் எல்லாக் குமிழ்களும் ஒரே விரிப்பில் இருக்கும். சிலவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட குமிழ்கள் தனித்தனியாக இருக்கும். நிமிர்ந்த நிலையில் திறந்தால் அவை அறை முழுவதும் உருண்டோடும். கவிழ்ந்த நிலையில் அதனதன் குழியிலேயே இருக்கும்.

எல்லா ஸ்குரூவையும் கழற்றிய பிறகும் மூடி அசையவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். ஒன்று ஒளிந்திருக்கிறது. பின்பக்கத்து லேபலின்மேல் பெருவிரலால் அழுத்தித் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் தாள் மெல்லக் குழியும். ஸ்குரூ அங்கே இருக்கிறது. ரப்பர் பாதங்களின் கீழேயும் பாருங்கள். பிறகு வங்கி அட்டையை விளிம்பில் நுழைத்து நகர்த்தினால் கொளுவிகள் ஒவ்வொன்றாக விடும். இரும்புக் கத்தியால் நெம்பினால் கொளுவி உடையும்.

உள்ளே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள் மூன்று தெரியும். மேலதிலும் கீழதிலும் சாம்பல் நிறக் கோடுகள் இருக்கும், நடுத் தாளில் துளைகள் மட்டும். இந்தத் தாள்களின் வால் போன்ற பகுதி, சிறிய மின்சுற்றுப் பலகையின்மேல் ஒரு பட்டியால் அழுத்திப் பூட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தைக் கிட்ட வைத்து இன்னொரு படம் எடுங்கள். 9ஆம் படியில் அது தேவைப்படும்.

6. கழுவுதல்

நான்கு பகுதிகள், நான்கு விதம்.

மேல் ஓடும் பின்மூடியும் வெறும் பிளாஸ்டிக். விசைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிய அவசியமில்லை. மேல் ஓட்டை விசைகளோடு இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, குழாயின்கீழ் பிடித்து ஒவ்வொரு விசையையும் அழுத்தி அழுத்தி விடுங்கள். ஒட்டிக்கொண்டு மேலே வராத விசையை மட்டும் பிடுங்கி, அதன் குழாய்போன்ற தண்டைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். இடைவெளி விசை, என்டர், ஷிஃப்ட் ஆகியவற்றின் அடியில் கம்பி இருக்கக்கூடும். அவற்றை நேராக இழுத்தால் கம்பியின் பிடி உடையும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் தொடுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும்.

ரப்பர் விரிப்பையும் அதே நீரில் கைவிரலால் மெதுவாகக் கழுவலாம். தனித்தனிக் குமிழ்கள் என்றால் தேயிலை வடியில் போட்டு அலசுங்கள். வடியில்லாமல் பேசினில் ஊற்றினால் சில குமிழ்கள் நீரோடு போய்விடும். பிறகு அந்தக் குமிழுக்குக் கடை கடையாக அலைய வேண்டும்.

தாள்கள்தான் நிதானம் கேட்பவை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் திரவம் புகுந்த இடம் கருத்த திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு தானாகக் காயாது. இரண்டு தாளுக்கும் இடையே காற்றுப் போக வழியில்லை. தாள்கள் சில இடங்களில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால் மற்ற பக்கத்தைப் புத்தகம்போல விரித்து, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், சாம்பல் கோடுகள் அச்சடித்த மைதான். சுற்றிலும் ஒட்டப்பட்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். ஒரு விளிம்பால் காய்ச்சி வடித்த நீரை மெல்ல விட்டு, சாய்த்து, வடியவிட்டு, திட்டு மறையும்வரை திரும்பச் செய்யுங்கள். கடல்நீர் என்றால் திட்டு மறைந்த பிறகும் இன்னும் சில தடவை.

மின்சுற்றுப் பலகையைச் சவர்க்கார நீரில் போடக் கூடாது. தேநீர் எட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து, அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும் இடங்களைக் கவனித்துத் தேய்க்க வேண்டும், அரிப்பு தொடங்கிய இடங்கள் அவை.

7. அற்ககோல் இரண்டாவதாகத்தான்

பலர் 6ஆம் படியைத் தாண்டி நேரே இதற்கு வந்துவிடுகிறார்கள். அற்ககோல் போட்டால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை. சீனியும் உப்பும் தண்ணீரில்தான் கரையும். ஐசோபுரொப்பைலில் கரையவே கரையாது என்று சொல்லலாம். கழுவாமல் அற்ககோல் ஊற்றினால் சீனி இருந்த இடத்திலேயே இருக்கும், இன்னும் இறுகும். இதன் வேலை, கழுவிய நீரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு சீக்கிரம் ஆவியாவது.

பலகையின் இரு பக்கத்தையும் பிரஷ்ஷால் துடையுங்கள். தாள்களின் வால் முனையை ஒரேயொரு தடவை, அழுத்தாமல் ஒற்றுங்கள். விசைகளின் முகத்தில் படவிடாதீர்கள். மலிவான விசைப்பலகைகளில் தமிழ், சிங்கள எழுத்துகள் மேலே அச்சடித்தவை அல்லது ஒட்டியவை. ஆங்கிலம் தப்பினாலும் அவை அழிந்துவிடும்.

தின்னர், பெற்றோல், நகப்பூச்சு அகற்றி மூன்றும் கூடவே கூடாது, ஓடு உருகும். அற்ககோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையில் எரியும் நுளம்புச் சுருளை வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

8. காயவைத்தல்

பாகங்களைத் தனித்தனியாக, ஓடும் மின்விசிறியின்கீழ் வையுங்கள். பூட்டிய பிறகு காயவைப்பது வீண்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓரிரவும் அடுத்த பகலும் தாராளம். ஆனால் அந்தக் காற்று மணலையும் அள்ளிக்கொண்டு வரும், மெல்லிய துணியால் மூடிவையுங்கள். மாரி காலத்தில், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, காற்றே ஈரமாக இருக்கும். இரண்டு முழு நாள் விடுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொதிகள் இருந்தால் தாள்களையும் பலகையையும் அவற்றோடு ஒரு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. கடலைப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம், அங்கே வரும் காற்றில் ஈரத்தோடு உப்பும் இருக்கிறது.

நேர் வெயிலும் முடி உலர்த்தியின் சூடும் தாளை நெளிய வைக்கும். நெளிந்த தாளில் விசை எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை: அது தாள்களின் இடையில் உள்ள ஈரத்தை எடுக்காது, மாவுத்தூளை மட்டும் கொடுக்கும்.

போதுமா என்று அறிய, தாளைத் திரும்பவும் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரு திட்டும் இருக்கக் கூடாது.

9. பூட்டிச் சோதித்தல்

தாளிலுள்ள துளைகள் ஓட்டின் முளைகளில் சரியாக விழ வேண்டும். பிறகு வால் முனை: நீங்கள் எடுத்த இரண்டாவது படத்தைப் பார்த்து, கரிய பட்டைகள் பலகையின் பட்டைகளோடு நேராக இருக்கும்படி வைத்து, அழுத்தும் பட்டியை இறுக்கிப் பூட்டுங்கள். 'கழுவினேன், செத்துவிட்டது' என்று கொண்டுவரப்படுபவற்றில் கணிசமானவை இந்தப் பட்டி தளர்ந்திருப்பவைதான்.

கணினியில் பூட்டி, விண்டோஸின் திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள். அழுத்திய விசை திரையிலும் மின்னும். ஆங்கில எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவருக்கு அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. அது செத்தால் 'அம்மா' என்றுகூட அடிக்க முடியாது. தேநீர்க் கோப்பை வைக்கும் வலது கைப்பக்கத்தில்தான் அந்த விசையும் இருக்கிறது.

கோளாறு இருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். விசை ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கிடையாது. நிரைகளும் நிரல்களுமாகப் பின்னிய வலை அது. எனவே:

ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்த இடத்தில் அழுக்கு, அல்லது குமிழ் நகர்ந்திருக்கிறது. திறந்து சரிசெய்யலாம்.

பல விசைகள் கூட்டமாகச் செத்திருந்தால் ஒரு கோடு அறுந்திருக்கிறது, அல்லது வால் முனையில் ஒரு பட்டை தொடவில்லை. முதலில் பட்டியை மீண்டும் பூட்டிப் பாருங்கள். கோடுதான் அறுந்திருந்தால், மின்கடத்தும் வெள்ளிப் பூச்சை ஊசி முனையால் தொட்டு இணைக்கலாம். ஈயம் வைத்து ஒட்ட நினைக்காதீர்கள், தாள் உருகிவிடும்.

அழுத்தாமலே எழுத்து விழுந்தால், அல்லது ஒன்றை அழுத்த இரண்டு விழுந்தால், ஈரமோ உப்போ மிச்சம் இருக்கிறது. உடனே வயரைப் பிடுங்கிவிட்டு 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஒன்றுமே வேலை செய்யவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் பலகையோ வயரோ போய்விட்டது. மலிவான விசைப்பலகை என்றால் இத்தோடு விடுங்கள். அதன் தாள்களையும் குமிழ்களையும் மட்டும் எடுத்து வையுங்கள், அதே மாதிரி இன்னொன்று நனையும்போது உதவும்.

10. மெக்கானிக்கல் வகை

விலை கூடியவை, கழுவிப் பார்ப்பதற்குத் தகுதியானவை. இதில் தாள் இல்லை. ஒவ்வொரு விசைக்கும் தனி ஆளி, பெரும்பாலும் பலகையில் ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். விசை மூடிகளை எல்லாம் பிடுங்கிச் சவர்க்கார நீரில் போடுங்கள். சீனி ஆளிக்குள் இறங்கியிருந்தால் அந்த இடத்தில் காய்ச்சி வடித்த நீரை விட்டு, ஆளியைப் பல தடவை அழுத்தி, கவிழ்த்து வடியுங்கள். பிறகு அற்ககோலால் அதையே செய்யுங்கள். ஆளியின் உள்ளே ஈரம் தேங்கும் என்பதால் மாரி காலத்தில் மூன்று நாளாவது காயவிட வேண்டும்.

விசை இறுகுகிறது என்று தையல் இயந்திர எண்ணெயோ டபிள்யூடி-40யோ அடிக்காதீர்கள். சில நாள் வழவழப்பாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

11. மடிக்கணினி என்றால்

சார்ஜரைப் பிடுங்குங்கள். வேலையைச் சேமிக்க நிற்காமல், மின் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். பற்றரி வெளியே கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். திரையை விரித்து, கூரைபோல் கவிழ்த்து, துவாயின்மேல் நிறுத்துங்கள். விசைகளுக்குக் கீழே தாய்ப்பலகையும் பற்றரியும் இருக்கின்றன. இங்கே போராடுவது அவற்றைக் காப்பாற்றத்தான், விசைப்பலகை பிறகு.

'ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்' என்பதுதான் மடிக்கணினிகளைக் கொல்லும் வாக்கியம். பற்றரி உள்ளேயே பொருத்தப்பட்ட புதிய மாதிரிகளில், அணைத்த பிறகும் சுற்றில் மின்னழுத்தம் இருக்கும். அதனால் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதைவிட, அன்றைக்கே அடிமூடியைத் திறந்து பற்றரியின் இணைப்பைக் கழற்றுவதுதான் முக்கியம். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் திருத்துபவரிடம் உடனே கொண்டுபோங்கள். என்ன கொட்டுப்பட்டது, எத்தனை மணிக்கு, அதன் பின் சார்ஜ் போட்டீர்களா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பற்றரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ திரும்பச் சார்ஜ் செய்யவோ கூடாது.

பல மாதிரிகளில் விசைப்பலகை மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டிருக்கும், கழற்றிக் கழுவ முடியாது. மாற்றுவதுதான் வழி. புதியது வரும்வரை யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைப் பூட்டி வேலை பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்பு தாய்ப்பலகையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அடிமூடியைத் திறக்காமலே 'விசைப்பலகை மட்டும் மாற்றினால் போதும்' என்று விலை சொல்பவரிடம் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள்.